மரவேலியில் கைவிடப்பட்ட பழைய ராணுவ லாரியை மீட்டெடுப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

இரண்டாம் உலகப் போரின்போது கனடாவின் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகள் ஒரே ராணுவ வடிவமைப்பைப் பின்பற்றி 4 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளைத் தயாரித்தன. சிஎம்பி (‘கனடிய ராணுவ வடிவமைப்பு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அழைக்கப்படும் இவற்றில் பெரும்பாலானவை கடல் கடந்து போர்முனைகளுக்குச் சென்றன. உள்நாட்டுப் பயிற்சி முகாம்களில் இருந்தவை போர் முடிந்ததும் உபரியாக விற்கப்பட்டன. மேற்குக் கனடாவின் சமவெளியிலுள்ள சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா, மானிடோபா மாகாணங்களின் விவசாயிகள் அவற்றை வாங்கித் தானியப் பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி உழைக்க வைத்து, ஓடாமல் போனபோது வயலோரத்தில் வேலியாக நட்டு வளர்த்த கரகானா என்ற புதர்மர வரிசையின் ஓரமாக நிறுத்திவிட்டார்கள். அந்தச் சமவெளியின் வறண்ட காற்றில் தகரம் மெதுவாகவே துருப்பிடிக்கிறது; மீட்கத்தக்க வண்டிகள் அங்கே இன்றும் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

பல பத்தாண்டுகள் வெயிலையும் பனியையும் தாங்கிய லாரி, மீட்கப்படும் நாளின் அவசரத்தில்தான் உடைகிறது. ஆகவே இழுப்பது கடைசி வேலையாகவே இருக்க வேண்டும். அதற்கு முந்தைய வேலைகளை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

படி 1: உரிமையாளரின் ஒப்புதல்

கைவிடப்பட்டதுபோல் தோன்றினாலும் ஒவ்வொரு லாரிக்கும் உரிமையாளர் உண்டு. நில உரிமையாளரிடம் எழுத்து மூலமான விற்பனைச் சீட்டைப் பெற்று, அடையாளத் தகட்டிலுள்ள எண்ணை அதில் குறிக்கச் செய்யுங்கள். பிற்காலத்தில் பதிவு செய்யும்போது இந்தச் சீட்டு தேவைப்படும்.

படி 2: எந்த வண்டி என்று அறிதல்

மாதிரிக் குறியீட்டில் சி என்ற எழுத்து ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே, எஃப் என்ற எழுத்து ஃபோர்டு. அடுத்து வரும் எண் சுமைத் திறனைச் சொல்லும்: 15 என்றால் முக்கால் டன், 60 என்றால் 3 டன். சி60எல் என்பது 158 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட நீண்ட வண்டி. சி15ஏ என்பது 101 அங்குலமே கொண்ட நான்கு சக்கர இயக்க வண்டி. முன் கண்ணாடி மேலிருந்து கீழாக உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அது 13ஆம் எண் கேபின் (ஓட்டுநர் அறை வடிவம்). விமானத்திலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணாடியின் பளபளப்பு தெரியாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. எவ்வளவு நீளமான டிரெய்லர் வேண்டும், எவ்வளவு எடையை இழுக்கப் போகிறோம் என்பதெல்லாம் இந்த அடையாளத்தைப் பொறுத்தவை.

படி 3: பருவம்

பனி உருகும் வசந்த காலத்தில் சமவெளியின் களிமண் எதையும் விடாது. அறுவடை முடிந்து, முதல் கடும் பனிக்கு முன் நிலம் காய்ந்திருக்கும் வாரங்களே உகந்தவை. விளைந்த பயிர் மீது டிரெய்லரை ஓட்ட வேண்டிய நிலையும் அப்போது வராது.

படி 4: கேபினும் சுற்றுப்புற மண்ணும்

மேற்குக் கனடாவின் மான் எலிகள் உயிருக்கே ஆபத்தான ஹன்டா வைரஸைப் பரப்பக்கூடியவை. இருக்கைக்கு அடியிலுள்ள எலிக்கூட்டை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, முகக் கவசமும் கையுறையும் அணிந்து அள்ளுங்கள். பிறகு லாரியைச் சுற்றி உலோகம் கண்டறியும் கருவியால் தேடுங்கள். கழன்று விழுந்த விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, பானட் கொக்கி முதலியவை பெரும்பாலும் சில அங்குல ஆழத்திலேயே கிடக்கும். அசல் பாகங்களை வேறெங்கும் வாங்குவது கடினம் என்பதால் இந்தத் தேடலுக்கு அரை நாளைத் தாராளமாக ஒதுக்கலாம்.

படி 5: சக்கரங்களை விடுவித்தல்

மொத்த வேலையிலும் அதிகக் கவனம் கோருவது இதுதான். இந்த லாரிகளின் சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்து நட்டுகளால் இணைக்கப்பட்டது. நேராக நின்று பார்த்தால் நட்டுகள் இரண்டு வளையங்களாக இருப்பது தெரியும். அச்சுக்கு அருகிலுள்ள உள்வளையம் சக்கரத்தை லாரியோடு பிடித்திருக்கிறது. விளிம்பை ஒட்டிய வெளிவளையம் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. டயரில் காற்று இருக்கும்போது வெளிவளைய நட்டுகளைக் கழற்றினால், சக்கரத்தின் ஒரு பாதி ஆளைக் கொல்லும் வேகத்தில் தெறிக்கும். இதை எச்சரிக்கவே அந்த நட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசும் வழக்கம் ராணுவத்தில் இருந்தது. இத்தனை ஆண்டு வெயிலில் அந்த வண்ணம் மிஞ்சியிருக்காது. எனவே டயர் தட்டையாகத் தெரிந்தாலும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வால்வின் உள்ளூசியைக் கழற்றி, துளையில் கம்பி விட்டுக் காற்று முழுவதும் போய்விட்டதை உறுதிசெய்யுங்கள். களத்தில் உள்வளையத்தை மட்டுமே தொட வேண்டும்.

ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை வைத்துத் தூக்கி, சேஸிஸுக்குக் (அடிச்சட்டத்துக்குக்) கீழே மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய பின்னரே வண்டிக்கு அடியில் கை நுழைக்கலாம். பிரேக் ஷூக்கள் டிரம்மோடு துருவால் ஒட்டியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே ஊற்றிவைத்து, பின்தகட்டிலுள்ள சரிசெய்யும் திருகுகளைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் அளவாகத் தட்டுங்கள். டிரம் வார்ப்பிரும்பு என்பதால் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். ஒட்டியிருக்கும்வரை சத்தம் மந்தமாக இருக்கும். ஷூ விடுபட்டதும் மணியைப் போலக் கணீரென்று கேட்கும். அக்காலத்துப் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

படி 6: புரொப்பல்லர் ஷாஃப்டுகள்

எஞ்சினின் சுழற்சியைச் சக்கர அச்சுகளுக்குக் கொண்டுசெல்லும், முன்னும் பின்னும் உள்ள ஷாஃப்டுகளைக் கழற்றிவிட்டால், இறுகிப்போன கியர்பெட்டியும் எஞ்சினும் சக்கரங்களைத் தடுக்க மாட்டா. எஞ்சினை அங்கேயே சுழற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் ஊற்றி மூடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் இறுகியிருந்தால் அதன் இணைப்புத் தண்டைக் கழற்றி, முன்சக்கரங்களை நேராகத் திருப்பிக் கட்டிவையுங்கள்.

படி 7: இழுத்தல்

சக்கர உயரத்துக்குப் புதைந்த வண்டியை அசைக்க ஏறத்தாழ அதன் எடைக்குச் சமமான விசையும், மட்கார்டு வரை புதைந்ததற்கு இருமடங்கு விசையும் தேவை என்பது ராணுவ மீட்புப் பணியில் பின்பற்றப்படும் கணக்கு. ஆகவே மண்வெட்டிதான் முதல் கருவி. ஒவ்வொரு டயருக்கு முன்னும் சரிவாக மண்ணை வெட்டிப் பலகை போடுங்கள். சேஸிஸுக்குள் வளர்ந்த மரத்தை மேலும் கீழும் அறுத்து, நடுத்துண்டைப் பட்டறையில் எடுத்துக்கொள்ளலாம்.

கொக்கியைப் பம்பரிலோ அச்சிலோ மாட்டக் கூடாது. சேஸிஸில் பொருத்தப்பட்ட இழுவைக் கொக்கியைச் சுற்றியுள்ள இரும்பைச் சுத்தியலால் தட்டிச் சோதித்து, தாங்குதிறன் பொறிக்கப்பட்ட ஷேக்கிளால் (ஊசியிட்டுப் பூட்டும் இரும்பு வளையத்தால்) இணையுங்கள். கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவியான விஞ்சின் திறன் போதாவிட்டால், லாரியில் ஒரு கப்பியை மாட்டிக் கயிற்றை அதன் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தால் இழுவிசை ஏறத்தாழ இருமடங்காகும். அந்தக் கப்பியையும் அதன் ஷேக்கிளையும் இருமடங்கு சுமை தாங்கும் அளவுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். கயிறு அறுந்தால் வீசியடிக்காதபடி அதன் நடுவில் கனமான போர்வையைப் போட்டு, எல்லோரையும் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் பக்கவாட்டில் நிறுத்துங்கள். இழுக்கும் வண்டியைப் பாய்ந்து ஓட்டி வெட்டி இழுப்பது துருப்பிடித்த சேஸிஸை முறித்துவிடும். விஞ்சால் அங்குலம் அங்குலமாக இழுத்து, அடிக்கடி நிறுத்திப் பார்ப்பதே சரியான முறை.

படி 8: டிரெய்லரில் ஏற்றிக் கட்டுதல்

மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இழுக்கும் வண்டியின் கொக்கி மீது விழும்படி லாரியை நிறுத்துங்கள். நான்கு மூலைகளிலும் தனித்தனிச் சங்கிலி வேண்டும். கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது என்பது கனடாவின் சரக்குப் பாதுகாப்பு விதி. கதவுகளையும் பானட்டையும் கயிற்றால் சுற்றிக் கட்டி, மிஞ்சிய கண்ணாடிகளைக் கழற்றித் தனியே வையுங்கள். புறப்பட்ட சில கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்திச் சங்கிலிகளை மறுபடி இறுக்குங்கள். சாலையின் அதிர்வில் டயர்கள் அமுங்கியதும் முதலில் போட்ட கட்டு நிச்சயம் தளர்ந்திருக்கும்.