மரங்களுக்கு நடுவே டிஸ்க் கால்ஃப்: முதல் 20 மீட்டரைக் கடப்பது எப்படி

டிஸ்க் கால்ஃப் என்பது டீ என்ற தொடக்க இடத்திலிருந்து பிளாஸ்டிக் டிஸ்க்கை எறிந்து, முடிந்தவரை குறைந்த எறிகளில் கூடைக்குள் போடும் ஆட்டம். டீயிலிருந்து கூடை வரை ஒரு ஹோல், பல ஹோல்கள் சேர்ந்தது ஒரு கோர்ஸ். இதை ஆடத் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள் நிறையப் பேர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். திறந்த வெளியில் நன்றாகப் போகிறது, மரம் அடர்ந்த கோர்ஸுக்குள் நுழைந்தால் மட்டும் ஸ்கோர் கண்டபடி ஏறிவிடுகிறது என்று. கை அதே கைதான், டிஸ்க்கும் அதேதான். ஆனால் காட்டுக்குள் தூரம் இரண்டாம் பட்சம். டீயிலிருந்து கிளம்பிய டிஸ்க் முதல் 20 மீட்டரை எதிலும் இடிக்காமல் கடந்துவிட்டால் அந்த ஹோலில் பாதி வேலை முடிந்த மாதிரி. நான் கீழே சொல்லப்போவது எல்லாமே அந்த 20 மீட்டரைப் பற்றியதுதான், இல்லாவிட்டால் அது கைவிட்டுப் போன பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கையிலிருந்து விடும்போது திசை 3 டிகிரி தப்பினால் 10 மீட்டரில் டிஸ்க் அரை மீட்டர் விலகியிருக்கும், 20-இல் ஒரு மீட்டர், 60-இல் மூன்று மீட்டர். 3 டிகிரி என்பது பெரிய தப்பே இல்லை, நன்றாக ஆடுபவர்களுக்கும் நடப்பதுதான். இப்போது 20 மீட்டரில் இரண்டு மரங்களுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். நடுவைக் குறிவைத்தால் இரண்டு பக்கமும் 3 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகத் தப்பலாம், டிஸ்க்கின் சொந்த அகலமே 21 சென்டிமீட்டர் இருக்கிறதே, அதையும் கழித்தால் இன்னும் சுருங்கும். அதே 2 மீட்டர் இடைவெளி 40 மீட்டரில் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை டிகிரிகூட இல்லை. அதனால் டீயில் நிற்கும்போது தொலைவில் தெரியும் அழகான பாதையில் மனதை விடாமல், உங்களுக்கு மிக அருகில் இருக்கும் இடைவெளிகளை எண்ணுங்கள். பெரும்பாலான ஹோல்களில் இரண்டு இருக்கும், சிலவற்றில் மூன்று. அதில் அகலமானதைத் தேர்ந்தெடுங்கள், அது கூடைக்கு நேராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஹோல் புதிது என்றால் டீயிலிருந்து கொஞ்சம் முன்னே நடந்து போய்ப் பாருங்கள். பின்னால் யாரும் காத்திருக்கவில்லை என்றால் கூடை வரைக்குமே போகலாம். அங்கிருந்து டீயை நோக்கித் திரும்பிப் பார்க்கும்போதுதான் ஹோலை அமைத்தவர் எந்தப் பாதையை நினைத்து மரங்களை விட்டுவைத்தார் என்று புரியும். இடது பக்கம் வளைகிற 90 மீட்டர் ஹோலில் முதல் எறியிலேயே வளைவைத் தாண்டிக் கூடைக்குப் பக்கத்தில் விழவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வளைவு திறக்கும் இடத்தில் டிஸ்க் நின்றாலே போதும், அங்கிருந்து கூடை தெரியும். எங்கே விழவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அப்புறம் எந்த இடைவெளி வழியாக என்று பின்னோக்கி வாருங்கள்.

சரி, எந்த டிஸ்க்? பையில் இருக்கும் வேகமான டிரைவரை, அதாவது தூரமாக எறிவதற்கான டிஸ்க்கை, அங்கேயே விட்டுவிடுங்கள். டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் இருக்குமே, ஸ்பீடு (எவ்வளவு வேகமாக எறியவேண்டும்), கிளைடு (காற்றில் எவ்வளவு மிதக்கும்), டர்ன் (வேகமாகப் போகும்போது எவ்வளவு திரும்பும்), ஃபேட் (வேகம் குறைந்த பிறகு கடைசியில் எவ்வளவு வளையும்). அதில் முதல் எண் 9, 11, 12 என்று இருக்கும் டிஸ்க்குகளுக்கு அவற்றுக்கு உரிய வேகம் கொடுக்காவிட்டால் நேராகப் போகாது, சீக்கிரமே ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிவிடும். அந்த வேகம் கொடுக்க முழு ஓட்டம் ஓடி முழு பலத்தோடு எறியவேண்டும், அப்போது திசை தப்பும். மரங்களுக்கு நடுவே எனக்கு அதிகம் கைகொடுப்பவை புட்டரும் (கூடைக்கு அருகிலிருந்து போடும் மெதுவான டிஸ்க்) மிட்ரேஞ்சும்தான் (நடுத்தரத் தூரத்துக்கானது). ஏவியார் மாதிரி ஒரு புட்டர், அதன் எண்கள் 2, 3, 0, 1. பஸ் (Buzzz) என்ற மாடல் மாதிரி ஒரு மிட்ரேஞ்ச், அது 5, 4, மைனஸ் 1, 1. டர்னும் ஃபேட்டும் சின்ன எண்களாக இருப்பதைக் கவனியுங்கள். மெதுவாக எறிந்தாலும் சொன்ன திசையில் போகும், கடைசியில் பெரிதாக வளையாது, மரத்தில் பட்டாலும் வெகுதூரம் தெறிக்காது. 2018-லும் 2023-லும் உலக சாம்பியன்ஷிப் நடந்த அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்து ஸ்மக்ளர்ஸ் நாட்ச்சில் ப்ரூஸ்டர் ரிட்ஜ் என்று ஒரு கோர்ஸ் இருக்கிறது, பெரும்பாலும் மரங்களுக்கு நடுவில் ஓடுவது. அந்த ஆட்டங்களின் வீடியோ கிடைத்தால் பாருங்கள். பெரிய ஆட்டக்காரர்கள் தங்கள் முழு பலத்தையும் காட்டாமல் எப்படி அடக்கி எறிகிறார்கள் என்று தெரியும்.

மரத்தில் அடிபட அடிபட டிஸ்க்கின் குணமும் மாறும். ஒரு பழைய புட்டரை எடுத்து விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், நகத்தால் கிள்ளிய மாதிரிச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்படும், ஓரிடத்தில் விளிம்பு லேசாகக் கவிழ்ந்தும் இருக்கும். வலதுகைக்காரரின் பேக்ஹேண்ட் எறியில் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிவது) அது புதிதில் கடைசியில் இடதுபக்கம் இறங்கிக்கொண்டிருந்த டிஸ்க்காக இருந்தால் இப்போது நேராகப் போகும், இன்னும் அடிபட்டால் வலதுபக்கம் திரும்பத் தொடங்கும். விலை குறைந்த பிளாஸ்டிக்கில் இது சீக்கிரம் நடக்கும். சிலர் இதைக் குறையாக நினைத்துப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். அதே மாடலில் புதியது ஒன்று, பாதி பழகியது ஒன்று, நன்றாக அடிபட்டது ஒன்று என்று மூன்று வைத்துக்கொண்டால் ஒரே பிடி, ஒரே எறி, ஆனால் மூன்று விதமான பாதைகள் கிடைக்கும்.

எறியும்போது ஓட்டத்தைக் குறையுங்கள். ஒரு அடி எடுத்துவைத்தால் போதும், பல ஹோல்களில் நின்ற இடத்திலிருந்தே எறியலாம். உங்கள் முழு பலத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் வேண்டாம். பார்வை கூடையில் இருக்கக்கூடாது, இடைவெளியில் இருக்கவேண்டும், அதுவும் வெறுமனே இடைவெளி என்று இல்லாமல் அதற்குப் பின்னால் ஒரு புள்ளியைத் தேடிப் பிடியுங்கள், ஒரு வெளுத்த பட்டை, தொங்கும் ஒரு ஒற்றை இலைக்கொத்து, எதுவானாலும் சரி. இடிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒரு மரத்தை உற்றுப் பார்த்தால் கை அதை நோக்கியே போகும். இது எல்லோருக்கும் நடக்கிறது.

தலைக்கு மேலேயும் பார்க்கவேண்டும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளைகள் 3 மீட்டர் உயரத்தில் கூரை போட்ட மாதிரி இருக்கும். டிஸ்க்கின் முன்விளிம்பு கொஞ்சம் தூக்கியிருந்தாலும் அது மேலே ஏறி இலையில் உரசும், உரசிய உடனே வேகம் போய்க் கீழே விழும். மூக்கைத் தாழ்த்தி விடுங்கள் என்று சொல்வது இதைத்தான். மணிக்கட்டை லேசாகக் கீழ்நோக்கி, பாத்திரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரிச் சாய்த்துப் பிடித்தால் முன்விளிம்பு தானாக இறங்கும். கூரை மிகவும் தாழ்வாக இருந்தால் ஒரு முழங்காலை ஊன்றி எறியுங்கள், அதற்குத் தடை எதுவும் இல்லை.

வளைவான பாதைகளுக்கு இரண்டு எறி தெரிந்தால் முக்கால்வாசி சமாளிக்கலாம். வலதுகைக்காரர் பேக்ஹேண்டில் எறிந்தால் வேகம் குறையும்போது டிஸ்க் இடதுபக்கம் இறங்கும், ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கை முன்னோக்கி இருக்க, கையைப் பக்கவாட்டிலிருந்து வீசி) எறிந்தால் வலதுபக்கம். இடதுகைக்காரருக்கு இது அப்படியே தலைகீழ். உடம்பிலிருந்து விலகிய விளிம்பைத் தாழ்த்தி விட்டால் அது ஹைசர், அந்த வளைவு இன்னும் கூடும், கணிக்க மிக எளிதான எறி. அதே விளிம்பை உயர்த்தி விட்டால் ஆன்ஹைசர், எதிர்ப்பக்கம் வளையும், ஆனால் எப்போது திரும்பும் என்பதைக் கணிப்பது கடினம். எனவே வலதுபக்கம் வளையும் ஹோலில் பேக்ஹேண்ட் ஆன்ஹைசரை நம்புவதைவிட ஃபோர்ஹேண்ட் பழகுவது நல்லது என்பது என் கருத்து. ஃபோர்ஹேண்ட் தெரியாமல் காட்டுக் கோர்ஸில் ஆடுவது ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆடுகிற மாதிரி.

இத்தனையும் செய்தாலும் மரத்தில் படும். டொக் என்று சத்தம் கேட்கும், டிஸ்க் புதருக்குள் போய்விடும். ஸ்கோர் உண்மையில் கெடுவது இந்த எறியில் இல்லை, இதற்கு அடுத்த எறியில்தான். பார் 3 ஹோல் (மூன்று எறிகளில் முடிக்கவேண்டியது) ஒன்றில் ஒருமுறை என் டிஸ்க் பாதையிலிருந்து இரண்டு அடி தள்ளி ஒரு தடித்த மரத்துக்குப் பின்னால் கிடந்தது. முன்னால் இரண்டு மரங்களுக்கு நடுவே கூடை தெரிந்தது, தலை நுழைகிற அளவு சந்து. எறிந்தேன், முதல் மரத்தில் பட்டு எனக்குப் பின்னால் போய் விழுந்தது, அங்கிருந்து அவசரப்பட்டு மறுபடியும் எறிந்து மறுபடியும் இடித்து, ஏழில் முடித்தேன். என்னோடு ஆடியவரின் டிஸ்க்கும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கிடந்தது. அவர் கூடையைப் பார்க்கவே இல்லை, பக்கவாட்டில் ஐந்தாறு மீட்டர் தள்ளிப் பாதையின் நடுவில் போட்டார், அடுத்து கூடைக்குப் பக்கத்தில் வைத்தார், நான்கில் முடித்தார். அன்றிலிருந்து நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சந்தில் பத்துத் தடவை எறிந்தால் எத்தனை தடவை போகும்? ஏழுக்குக் குறைவாகத் தோன்றினால் பக்கவாட்டில் வெளியே போடுகிறேன், தேவைப்பட்டால் பின்பக்கமாகக்கூட. ஒரு எறி போகும், அவ்வளவுதான்.

அங்கே நிற்பதற்கும் விதி இருக்கிறது. டிஸ்க் கிடக்கும் இடத்துக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம் உள்ள இடத்துக்குள் ஒரு கால் தரையில் இருக்கவேண்டும், கையிலிருந்து டிஸ்க் விடுபடும் அந்த நொடியில். மற்றக் காலை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பக்கவாட்டில் நீட்டலாம், டிஸ்க்கைவிடக் கூடைக்கு அருகில் போகாதவரை. இதைப் பயன்படுத்தி உடம்பைச் சாய்த்தால் ஒரு மரத்தை முழுதாகச் சுற்றிவிடலாம். உதிர்ந்த சுள்ளி, சருகு, கல் இவை நிற்கும் இடத்தில் இருந்தால் எடுத்துப் போடலாம். வளர்ந்து நிற்கும் கிளையை ஒடிக்கவோ, வழிவிடும்படி வளைத்துப் பிடிக்கவோ கூடாது, விதிக்காக மட்டும் சொல்லவில்லை, அந்த மரங்கள் இருப்பதால்தான் அந்த ஹோல் இருக்கிறது. டீக்கு எதிரே நிற்கும் மரங்களின் பட்டையில் நெஞ்சு உயரத்தில் பிறை பிறையாக வெட்டுத் தழும்புகளைப் பார்த்திருப்பீர்கள், ஏற்கெனவே நிறைய வாங்கிவிட்டன. நிற்கவே முடியாத முட்புதர் என்றால் ஒரு எறி தண்டனை ஏற்றுக்கொண்டு, கூடையையும் டிஸ்க்கையும் இணைக்கும் நேர்கோட்டில் பின்னால் நகர்ந்து எறியலாம். கிளையில் மாட்டிக்கொண்டால் அதற்கு நேர்கீழே தரையில் குறியிட்டு ஆடலாம், 2 மீட்டர் விதி உண்டு என்று போட்டி நடத்துபவர் அறிவித்திருந்தால் மட்டும், அந்த உயரத்துக்கு மேல் இருந்தால் ஒரு எறி தண்டனை.

தொலைந்தால் தேட 3 நிமிடம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு எறி தண்டனை, முன்பு எறிந்த இடத்துக்கே திரும்பிப் போகவேண்டும். அதனால் டிஸ்க் நிற்கும்வரை கண்ணை எடுக்காதீர்கள், கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்தான் அப்புறம் புதருக்குள் அலைகிறார். கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்தை மனதில் குறித்துக்கொண்டு நேராக அதை நோக்கி நடங்கள். கூட ஆடுபவர் ஒருவர் முன்னால் போய்ப் பாதுகாப்பான ஓரத்தில் நின்று பார்த்தால் இன்னும் நல்லது. நிறமும் முக்கியம். பச்சை, பழுப்பு வேண்டவே வேண்டாம், இலையுதிர் காலத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் சருகோடு கலந்துவிடும். பளீரென்ற இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் எல்லாக் காலத்திலும் தெரியும். அடிப்பக்கத்தில் பெயரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள்.

ஒருவர் எறியும்போது மற்றவர்கள் அவருக்கு நன்றாகப் பின்னால், முடிந்தால் ஒரு மரத்துக்கு மறைவில் நில்லுங்கள். அருகில் இருக்கும் மரத்தில் பட்ட டிஸ்க் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பி வரும், அதுவும் முகத்தின் உயரத்தில். வளைவுக்கு அப்பால் யார் நடக்கிறார்கள் என்று தெரியாத ஹோலில் குரல் கொடுத்துவிட்டு எறியுங்கள்.

பழகுவதற்குக் கோர்ஸே தேவையில்லை. 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு மரமோ கம்பமோ கிடைத்தால் போதும். பத்து மீட்டர் தள்ளி நின்று புட்டரை நின்ற இடத்திலிருந்தே, பாதி பலத்தில், பத்துத் தடவை பேக்ஹேண்ட், பத்துத் தடவை ஃபோர்ஹேண்ட் எறியுங்கள். எவ்வளவு தூரம் போய் விழுந்தது என்று பார்க்கவே வேண்டாம், எத்தனை உள்ளே போனது என்று மட்டும் எண்ணுங்கள். இருபதில் பதினாறு போகத் தொடங்கியதும் இரண்டு மீட்டர் பின்னால் நகருங்கள்.