ஒரே டோஸ், ஒரே எடை, இரண்டு கோடுகள்: எக்செல்லில் மருந்து அளவு வரைபடம் வரைவது எப்படி?

பி.ஃபார்ம் முடித்துவிட்டு தரமணி, சிறுசேரி பக்கம் கிளினிக்கல் டேட்டா வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். மருந்தைச் சாப்பிட்ட பிறகு அது ரத்தத்தில் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்ற படம்தான் அநேகமாக உங்கள் கைக்கு முதலில் வரும். கோடிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எக்செல் போதும்.

படி 1: எண்களை அடித்துக்கொள்ளுங்கள்

ஆர் என்ற இலவச மென்பொருளோடு ‘தியோஃப்’ என்றொரு தரவுத் தொகுப்பு சேர்ந்தே வருகிறது. தியோஃபிலின் ஒரு ஆஸ்துமா மருந்து. காபியில் இருக்கும் காஃபீனுக்கு நெருங்கிய சொந்தம். 12 பேருக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து, ஒவ்வொருவரிடமும் 11 முறை ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேரை மட்டும் எடுப்போம். 1ஆம் நபர் 79.6 கிலோ, 6ஆம் நபர் 80 கிலோ. இருவருக்கும் கொடுத்தது 320 மி.கி.

1ஆம் நபர்
நேரம் (மணி): 0, 0.25, 0.57, 1.12, 2.02, 3.82, 5.10, 7.03, 9.05, 12.12, 24.37
அளவு (மி.கி./லிட்டர்): 0.74, 2.84, 6.57, 10.50, 9.66, 8.58, 8.36, 7.47, 6.89, 5.94, 3.28

6ஆம் நபர்
நேரம்: 0, 0.27, 0.58, 1.15, 2.03, 3.57, 5.00, 7.00, 9.22, 12.10, 23.85
அளவு: 0, 1.29, 3.08, 6.44, 6.32, 5.53, 4.94, 4.02, 3.46, 2.78, 0.92

நான்கு பத்திகளாக, மேலிருந்து கீழாக அடியுங்கள். மருந்து உள்ளே போகும் முன்பே 1ஆம் நபருக்கு 0.74 இருக்கிறதே என்று தோன்றும். தோன்ற வேண்டும். ஆனால் அதைத் திருத்தி 0 ஆக்கிவிடாதீர்கள். வந்த எண் வந்தபடியே இருக்கட்டும். சந்தேகத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

படி 2: லைன் சார்ட் வேண்டாம், ஸ்கேட்டர்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. நானும் முதல் மாதத்தில் லைன் சார்ட்டில்தான் வரைந்துகொண்டு போனேன். எங்கள் டீமில் இருந்த புள்ளியியல் அக்கா பார்த்துவிட்டு, “தம்பி, 12 மணிக்கும் 24 மணிக்கும் நடுவுல இருந்த பாதி நாள் எங்க போச்சு?” என்று கேட்டார்.

மெட்ரோ ரயிலில் கதவுக்கு மேலே இருக்கும் வழித்தடப் படத்தைப் பாருங்கள். நிலையங்கள் எல்லாம் சம இடைவெளியில் இருக்கும். எங்கே இறங்குவது என்று தெரிந்துகொள்ள அது போதும். எது எவ்வளவு தூரம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. லைன் சார்ட்டும் நேரத்தை அப்படித்தான் நடத்துகிறது. கால் மணி நேரமும் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு ஒரே அகலம். மெதுவாக இறங்கிய மருந்து, கடைசியில் தடாலென்று விழுந்தது போலத் தெரியும்.

அதனால் 1ஆம் நபரின் இரண்டு பத்திகளைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் ‘ஸ்கேட்டர் வித் ஸ்ட்ரெய்ட் லைன்ஸ் அண்ட் மார்க்கர்ஸ்’ கொடுங்கள். பிறகு படத்தின் மேல் ரைட் கிளிக், செலக்ட் டேட்டா, ஆட். 6ஆம் நபரின் நேரம் எக்ஸ் பெட்டியில், அளவு ஒய் பெட்டியில்.

இப்போது பாருங்கள். ஒரே டோஸ், கிட்டத்தட்ட ஒரே எடை. ஒருவரின் உச்சம் 10.50, இன்னொருவருக்கு 6.44.

படி 3: லாக் ஸ்கேலுக்கு மாற்றுங்கள்

முதல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நகலில் இதைச் செய்யுங்கள். ஒய் அச்சில் ரைட் கிளிக், ஃபார்மேட் ஆக்சிஸ், ‘லாகரிதமிக் ஸ்கேல்’ டிக். பூஜ்ஜியத்துக்கு லாக் கிடையாது. நகலுக்கான தரவில் 6ஆம் நபரின் முதல் அளவு (0) இருக்கும் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கிடை அச்சு படத்தின் நடுவே 1இல் போய் நின்றால், அது வெட்டும் இடத்தை 0.1 என்று மாற்றுங்கள்.

லாக் ஸ்கேலில் ஒவ்வொரு ‘பாதியும்’ ஒரே உயரம்தான். 8 என்பது 4 ஆனாலும், 2 என்பது 1 ஆனாலும் கோடு ஒரே அளவுதான் இறங்கும். அதனால்தான் வளைந்து இறங்கிய வால் இங்கே நேர்கோடு போல நிமிர்கிறது. அதன் சரிவை வைத்தே ஹாஃப்-லைஃபை, அதாவது ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை, கண்ணால் படிக்கலாம். 6ஆம் நபருக்கு 5.53 என்பது 2.78 ஆக, அதாவது பாதியாக, எட்டரை மணி நேரம் ஆனது. 1ஆம் நபருக்கோ 5.94 இலிருந்து 12 மணி நேரம் கழித்தும் 3.28, இன்னும் பாதியைத் தொடவில்லை. கடைசி இரண்டு புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டால் அவருடைய ஹாஃப்-லைஃப் 14 மணி நேரத்துக்கும் மேல். சாதாரண ஸ்கேலில் உச்சத்தின் வித்தியாசம்தான் கண்ணில் பட்டது. வெளியேறும் வேகத்திலும் இவ்வளவு வித்தியாசம் இருப்பது இங்கேதான் தெரிகிறது.

ஏன் என்பதைப் படம் சொல்லாது. புகைப்பவர்கள் உடலிலிருந்து தியோஃபிலின் சீக்கிரம் வெளியேறும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் இந்தத் தரவில் அந்தப் பத்தியே இல்லை. இல்லாததைப் படத்தில் ஏற்றிச் சொல்லக் கூடாது.

படி 4: சராசரியைக் கடைசியில் போடுங்கள்

இரண்டு உச்சங்களின் சராசரி 8.47. இரண்டு பேரில் எவருக்கும் அந்த உச்சம் இல்லை. இது சின்ன விஷயமில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஐசோனியசிட் மருந்தைச் சிலரின் உடல் வேகமாகவும் சிலரின் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதைக் கவனித்து ஆராய்ந்தது. வாரம் ஒரு முறை மருந்து கொடுத்தபோது, வேகமானவர்களுக்குப் பலன் குறைவாகவே கிடைத்தது. எல்லாரையும் ஒரே கோட்டில் அடைத்திருந்தால் அவர்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே தனித்தனி கோடுகள் மெல்லிதாக, வெளிர் சாம்பலில். அதன் மேல் சராசரி தடிமனாக, அடர் நீலத்தில். சிவப்பு–பச்சை ஜோடியைத் தவிருங்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் நிறைய பேர். தனிக் கோடுகளுக்கு உண்மையில் ரத்தம் எடுத்த நேரத்தையும், சராசரிக்குத் திட்டமிட்ட நேரத்தையும் பயன்படுத்துங்கள். 1.12, 1.15 இரண்டும் ‘1 மணி’ என்ற ஒரே வரிசையில் சேரும். அச்சுகளில் ‘மணி’, ‘மி.கி./லிட்டர்’ என்று அலகு கட்டாயம் வேண்டும்.

அடுத்து ஆரில் இருந்து 5ஆம் நபரை எடுத்துச் சேருங்கள். 54.6 கிலோ, அதே 320 மி.கி., உச்சம் 11.40. லாக் படத்தில் அவருடைய வால் 1ஆம் நபரின் சரிவோடு போகிறதா, 6ஆம் நபரின் சரிவோடு போகிறதா என்று பாருங்கள்.