தண்டால் எடுக்கும்போது செய்யும் வேலை எவ்வளவு? கணக்கு சறுக்கும் இடங்கள்

60 கிலோ நிறையுள்ள ஒருவர் தண்டால் எடுக்கிறார். ஒவ்வொரு முறை எழும்போதும் அவருடைய தோள் 40 செ.மீ. உயர்கிறது. ஒருமுறை எழுவதற்கு அவர் செய்யும் வேலை எவ்வளவு? இயற்பியலில் வேலை என்பது விசையை, அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்கிக் கிடைப்பது. அதன் அலகு ஜூல். பதினோராம் வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று விடைகள் வரும்: 24 ஜூல், 235 ஜூல், பூச்சியம். மூன்றும் தவறுதான். ஆனால் மூன்றும் ஒரே வகைத் தவறு அல்ல. கடைசி விடையைச் சொன்ன மாணவரை நான் ஒருபோதும் உட்காரச் சொல்ல மாட்டேன்.

முதல் விடையை விரைவாகக் கடந்துவிடலாம். 60-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 24 வரும். கிலோ என்பது நிறையின் அலகு, விசையின் அலகு அல்ல. அதை ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கி, விசையின் அலகில் 588 நியூட்டன் என்று எழுதிய பிறகுதான் வேலையைப் பற்றிப் பேசவே முடியும்.

588-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 235 வருகிறது. பயிற்சிக் கையேடுகளில்கூட இந்த விடையைக் காணலாம். இங்கே விசையும் சரி, உயரமும் சரி. ஆனால் இரண்டும் உடலின் வெவ்வேறு இடங்களுக்கு உரியவை. தண்டாலில் கால்விரல்கள் தரையில் ஊன்றியிருக்க, உடல் அவற்றைச் சுற்றி ஒரு நெம்புகோல் போலத் திரும்புகிறது. தோள் 40 செ.மீ. உயர்ந்தாலும் இடுப்பு அவ்வளவு உயர்வதில்லை, முழங்கால் இன்னும் குறைவு, விரல்நுனி உயர்வதே இல்லை. உடலின் நிறை மையம், அதாவது முழு எடையும் ஒரே புள்ளியில் குவிந்ததாகக் கொள்ளும் இடம், தோளுக்கும் விரல்நுனிக்கும் இடையில் இருக்கிறது. சாதாரணத் தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மீதியைக் கால்விரல்கள் தாங்குகின்றன.

ஆகவே கணக்கை இரண்டு வழிகளில் போடலாம். கைகள் தாங்கும் மூன்றில் இரண்டு பங்கான 392 நியூட்டனைத் தோள் உயர்ந்த 0.4 மீட்டரால் பெருக்கினால் 157 ஜூல். அல்லது முழு எடையான 588 நியூட்டனை நிறை மையம் உயர்ந்த 26.7 செ.மீ. (40-இல் அதே மூன்றில் இரண்டு பங்கு) அளவால் பெருக்கினால் அதே 157 ஜூல். இரண்டு விடைகளும் ஒன்றாக வருவது தற்செயல் அல்ல. கைகளுக்கு எவ்வளவு எடை வருகிறது என்பதையும் நிறை மையம் எவ்வளவு உயர்கிறது என்பதையும் தீர்மானிப்பது ஒரே நெம்புகோல் விகிதம்தான். கவனமான மாணவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்: எடையையும் குறைத்து, உயரத்தையும் குறைத்து, 105 என்று எழுதிவிடுகிறார்கள். ஏதாவது ஒன்றைத்தான் குறைக்க வேண்டும்.

உங்கள் உடலுக்கு அந்தப் பங்கு சரியாக எவ்வளவு என்று வீட்டிலேயே அளந்துவிடலாம். எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் இரு கைகளையும் ஊன்றுங்கள். இயந்திரத்தின் உயரத்துக்கு ஒரு பலகையைக் கால்களுக்கு அடியில் வையுங்கள். இதை மறந்தால் உடல் சாய்ந்து அளவு மாறிவிடும். கை நீட்டிய நிலையில் ஒரு அளவும், மார்பு தாழ்ந்த நிலையில் ஒரு அளவும் எடுங்கள். தாழ்ந்த நிலையில் சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஒரே நிலையில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்காமல் இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பூச்சியத்துக்கு வருகிறேன். அந்த மாணவரின் வாதம் இது: "தரைதான் கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஆனால் கை தரையில் ஊன்றிய இடத்தைவிட்டு நகரவில்லை. விசை இருக்கிறது, இடப்பெயர்ச்சி இல்லை. எனவே வேலை பூச்சியம்." இதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. தரை செய்யும் வேலை உண்மையாகவே பூச்சியம்தான். நாம் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது என்பது மட்டுமே குறை. உடல் உயர்வதற்கான ஆற்றல் தரையிலிருந்து வருவதில்லை. மார்புத் தசையும் மேற்கையின் பின்புறத் தசையும் இழுவிசையோடு சுருங்கும்போது அவைதான் வேலையைச் செய்கின்றன. தரை விசையை மட்டும் தருகிறது, ஆற்றலைத் தருவதில்லை. கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும்போது கம்பிக்கும், எகிறிக் குதிக்கும்போது பாதத்துக்கு அடியிலுள்ள தரைக்கும், ஏறும்போது படிக்கட்டுக்கும் இதே விதிதான். "தரை உடலின்மீது செய்யும் வேலை" என்று எங்காவது படித்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

தோப்புக்கரணத்திலும் பஸ்கியிலும் நெம்புகோல் இல்லை, ஆனால் அதே சறுக்கல் உண்டு. தலை 50 செ.மீ. உயர்கிறது என்பதற்காக முழு உடலும் 50 செ.மீ. உயர்ந்ததாக வைத்துக்கொள்ளக் கூடாது. பாதமும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. தொடையின் ஒரு முனைதான் உயர்கிறது. இவற்றைக் கணக்கில் எடுத்தால் 60 கிலோ உடலுக்கு 588-ஐ 0.5-ஆல் பெருக்கி வரும் 294 ஜூல் என்பது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காக, 235 ஜூலாகக் குறைகிறது.

கீழே இறங்குவதுதான் எல்லாவற்றிலும் சுவையான பகுதி. இறங்கும்போது ஈர்ப்பு விசை 157 ஜூல் வேலை செய்கிறது. தசைகள் அதைத் தடுத்து அதே அளவு எதிர்க்குறி வேலை (−157 ஜூல்) செய்கின்றன. ஏறி இறங்கிய ஒரு சுற்றில் கூட்டிப் பார்த்தால் நிகர வேலை பூச்சியம். இதைக் கொண்டு "அப்படியானால் ஆற்றலே செலவாகவில்லை" என்பவர்கள் உண்டு. "இறங்குவதும் சிரமம்தானே" என்று 314 ஜூல் என எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு என்பதை 1952-இல் உடலியல் ஆய்வாளர்களான அபட், பிக்லண்ட், ரிட்சி ஆகிய மூவரும் செய்த பரிசோதனை அழகாகக் காட்டியது. இரண்டு நிலைச் சைக்கிள்களைப் பின்பக்கமாகச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதித்தார். மற்றவருடைய மிதிகட்டைகள் பின்னோக்கிச் சுழன்றன. அவர் அவற்றை எதிர்த்து அழுத்தினார். இருவர் காலிலும் விசை ஏறக்குறைய ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். ஆனால் எதிர்த்தவர் உட்கொண்ட ஆக்சிஜன், மிதித்தவருக்குத் தேவைப்பட்டதைவிட மிகக் குறைவாக இருந்தது. தசை நீண்டுகொண்டே தாங்கும்போதும் உடலுக்குச் செலவு உண்டு, ஆனால் சுருங்கி உயர்த்தும்போது ஆகும் செலவைவிடக் குறைவு. அந்த 157 ஜூல் கடைசியில் பெரும்பாலும் வெப்பமாகிறது.

முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை அசையாமல் நேராகத் தாங்கும் பிளாங்க் பயிற்சிக்கும் இதுவே விளக்கம். வெளியே பார்த்தால் வேலை பூச்சியம். உள்ளே தசை இழைகள் இடைவிடாமல் பற்றி, விட்டு, மீண்டும் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பற்றுதலுக்கும் வேதி ஆற்றல் செலவாகிறது. "வேலை பூச்சியம், எனவே பயன் பூச்சியம்" என்று சொல்வது இயற்பியலின் சொல்லை அன்றாடச் சொல்லோடு குழப்புவது.

கலோரிக் கணக்கில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடுகின்றன. 50 தண்டாலுக்கு 7,850 ஜூல். உணவுப் பொட்டலத்தில் அச்சிடுவது கிலோ கலோரி. ஒரு கிலோ கலோரிக்குச் சுமார் 4,186 ஜூல். நேராக வகுத்தால் 1.9 வரும். இத்தோடு நிறுத்துவது முதல் தவறு. தசை தான் எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதத்தையே வேலையாக மாற்றுகிறது. ஆகவே உயர்த்துவதற்கு மட்டும் உடல் செலவிடுவது 7.5 முதல் 9.4 கிலோ கலோரி. இறங்கும் செலவு இதற்கு மேல். எப்படிக் கூட்டினாலும் ஒரு நடுத்தர இட்லிக்குக்கூட எட்டாது. தண்டால் உடலுக்குத் தருவது வலிமை. எடை குறைய வேண்டும் என்று மட்டும் எண்ணி அதை எடுப்பவர்கள் மனம் வெறுத்து விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திறன் என்பது ஒரு நொடியில் செய்யும் வேலை, அதன் அலகு வாட். இதில் குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எனர்ஜி என்பது ஆற்றல், பவர் என்பது திறன். இலங்கைப் பாடநூல்களில் அவை சக்தி, வலு. இரு நாட்டு நூல்களையும் கலந்து படிப்பவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பேச்சில் நாம் இரண்டையுமே "சக்தி" என்றுதான் சொல்கிறோம். ஒரே 50 தண்டாலை 100 நொடியில் எடுத்தாலும் 200 நொடியில் எடுத்தாலும் உடலை உயர்த்தும் வேலை அதே 7,850 ஜூல்தான். சராசரித் திறன்தான் 78 வாட்டிலிருந்து 39 வாட்டாகக் குறைகிறது. 100 நொடியில் பாதி நேரம் இறங்குவதில் போகிறது என்பதால் எழும் நேரத்தை மட்டும் கொண்டு வகுத்தால் 157 வாட். இரண்டும் சரியான எண்களே. எந்த நேரத்தால் வகுத்தோம் என்று எழுதாமல் விடுவதுதான் பிழை.

திறனை அளக்கப் படிக்கட்டு சிறந்த இடம். 17 செ.மீ. உயரமுள்ள 20 படிகள் என்றால் 3.4 மீட்டர். 60 கிலோவுக்கு ஏறக்குறைய 2,000 ஜூல். 20 நொடியில் ஏறினால் 100 வாட், 8 நொடியில் ஏறினால் 250 வாட். படிக்கட்டின் சாய்வு நீளத்தை நாடாவால் அளந்து பெருக்குவது இங்கே வழக்கமான தவறு. ஈர்ப்புக்கு எதிரான வேலைக்குச் செங்குத்து உயரம் மட்டுமே போதும். 1966-இல் இத்தாலிய உடலியலாளர் மார்கேரியாவும் அவருடைய குழுவினரும் வகுத்த படிக்கட்டுச் சோதனையில், ஓடிவந்து வேகம் பிடித்த பிறகு, குறிப்பிட்ட இரு படிகளுக்கு இடையிலான நேரத்தை மட்டும் எடுத்தார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நேரம் அதில் கலக்காது. அவ்வளவு குறுகிய நேரத்துக்கு மின்னணுக் கருவி வேண்டும். கையில் நிறுத்துக்கடிகாரம் மட்டும் இருந்தால் ஒரு மாடி முழுவதும் ஏறி அளவெடுங்கள். தண்டாலுக்கு என்றால் தொடர்ந்து பத்து எடுத்து மொத்த நேரத்தைக் குறியுங்கள். ஒரே ஒரு தண்டாலுக்கு நேரம் பார்த்தால், விரல் பொத்தானை அழுத்தத் தாமதிப்பதே கணக்கில் பெரும் பங்காகிவிடும்.