டிஜிட்டல் கேமராவில் டிஸ்போசபிள் ஃபிலிம் தோற்றம் கொண்டுவருவது எப்படி?

ஒரு ஃபிலிம் ரோல் முடிந்ததும் தூக்கிப் போடும் டிஸ்போசபிள் கேமராவுக்கு ஒரே ஒரு செட்டிங்தான். ஃபூஜியின் குவிக்ஸ்னாப் என்றால் 32 மி.மீ. பிளாஸ்டிக் லென்ஸ், எஃப்/10 (லென்ஸ் துளையின் எண்; எண் கூடினால் துளை சிறிது), 1/140 வினாடி, உள்ளே ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் (ஐஎஸ்ஓ என்பது ஒளியை உணரும் திறன்). கோடக் ஃபன்சேவர் என்றால் 30 மி.மீ., எஃப்/10, 1/100 வினாடி, ஐஎஸ்ஓ 800. வெயிலோ இருட்டோ, எதையும் மாற்ற முடியாது. ஃப்ளாஷைப் போடலாம் அல்லது விடலாம். அந்தப் படங்களின் சாயல் இந்தப் பிடிவாதத்திலிருந்துதான் வருகிறது. எஃப்/1.8-இல் பின்னணி கரைய எடுத்த படத்துக்கு எந்த ஃபில்டரைப் போட்டாலும் ஒட்டாது.

முதலில் கேமராவின் புத்திசாலித்தனத்தை எல்லாம் அணைத்துவிடுங்கள். மேனுவல் மோடு, ரா ஃபைல் (சென்சாரின் திருத்தாத பதிவு). ஃபுல் ஃப்ரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 28 முதல் 35 மி.மீ. லென்ஸ், எஃப்/11, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 23 மி.மீ. அளவு, எஃப்/8. ஆட்டோஃபோகஸ் வேண்டாம். 2.5 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தி, வளையம் நகராமல் டேப் ஒட்டிவிடலாம். சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து ஏழெட்டு மீட்டர் வரை ஓரளவு தெளிவாக விழும். அதற்கு அப்பால் லேசாக மங்கினால் நல்லதுதான். வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) பகல் ஒளிக்கான 5500 கெல்வினில் நிற்கட்டும். குண்டு பல்பு ஆரஞ்சாகவும் டியூப்லைட் பச்சையாகவும் வரும். வரட்டும், ஃபிலிமிலும் அப்படித்தான் வந்தது.

இனி ஃப்ளாஷ். பாதி வேலை இதில்தான். இரவிலும் வீட்டுக்குள்ளும் ஐஎஸ்ஓ 800, 1/125 வினாடி. கூரையில் அடித்துத் திருப்பக் கூடாது, முகத்துக்கு நேராக அடிக்க வேண்டும். டிடிஎல் எனும் தானியங்கி மோடில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை அளந்து எல்லா முகங்களையும் ஒரே பதமாக்கிவிடும். அங்கேயே தோற்றம் போய்விடும். மேனுவலில் ஒரே அளவில் வைத்தால் பக்கத்தில் இருப்பவர் வெளுத்தும், பின்னால் இருப்பவர் இருளில் மூழ்கியும் வருவார்கள். தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்காகிவிடும் என்ற கணக்கு இது.

எவ்வளவு பவர்? ஃப்ளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு நம்பரைத் துளை எண்ணால் வகுத்தால் மீட்டரில் தூரம் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100-க்குச் சொல்லும் எண், ஐஎஸ்ஓ 800-இல் ஏறக்குறைய 2.8 மடங்காகும். எஃப்/10, ஐஎஸ்ஓ 800-இல் 2 மீட்டர் எட்ட, ஐஎஸ்ஓ 100 கணக்கில் கைடு நம்பர் 7 போதும். கைடு நம்பர் 12 உள்ள பாப்-அப் ஃப்ளாஷில் 1/4 பவர் ஏறக்குறைய 6 தரும், அதாவது 1.7 மீட்டர். 35 மி.மீ. ஜூமில் கைடு நம்பர் 36 காட்டும் பெரிய ஃப்ளாஷ் என்றால் 1/32 பவர். எஃப்/8-இல் எடுப்பவர்கள் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். பெரிய ஃப்ளாஷ் லென்ஸுக்கு வெகு உயரத்தில் நிற்பதால் நிழல் கீழே இறங்கி மறைந்துவிடும். கேபிளில் இணைத்து, இடது கையால் லென்ஸை ஒட்டிப் பிடியுங்கள். சுவரில் பக்கவாட்டு நிழலும், கண்ணில் சிவப்பும் தானாக வரும்.

வெயிலில் மட்டும் நிஜ கேமராவை அப்படியே நகலெடுக்க முடியாது. ஐஎஸ்ஓ 400, எஃப்/10, 1/140 என்பது உச்சி வெயிலில் ஏறக்குறைய மூன்று ஸ்டாப் அதிகம், அதாவது தேவையைப் போல எட்டு மடங்கு ஒளி. நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கும். டிஜிட்டல் சென்சாரில் வானம் வெள்ளைத் தாளாகிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/200-இல் எடுத்து, வெளிச்சத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்.

பழைய டிஸ்போசபிளின் லென்ஸைப் பிடுங்கி பாடி கேப்பில் (கேமராவின் லென்ஸ் வாயை அடைக்கும் மூடி) ஒட்டுகிறவர்கள் உண்டு. நீங்களாகப் பிரிக்காதீர்கள்: ஃப்ளாஷ் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும், பேட்டரியைக் கழற்றினாலும் அடிக்கும். செய்து விற்பதை வாங்கினால் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மட்டும் வாங்குங்கள். 32 மி.மீ. லென்ஸ் சென்சாருக்கு ஏறத்தாழ 32 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். கேனன் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் பூட்டும் மவுண்டே 44 மி.மீ. தள்ளி இருப்பதால், லென்ஸ் உள்ளே போய் அந்த மிரரில் இடிக்கும். இன்னொன்று, டிஸ்போசபிளுக்குள் ஃபிலிம் லேசாக வளைந்து நிற்கும், லென்ஸும் அந்த வளைவுக்கே செய்தது. தட்டையான ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஓரங்கள் நிஜத்தைவிட மோசமாகக் குழம்பும். ஏபிஎஸ்-சியில் ஓரமே வெட்டுப்பட்டு, எதிர்பார்த்ததைவிடச் சுத்தமாக வரும். சாதாரண லென்ஸில் வெளிச்சத்தை லேசாகப் பரப்பும் 1/8 மிஸ்ட் ஃபில்டர் மாட்டுவது இதைவிடத் தொந்தரவில்லாத வழி.

எடிட்டிங்கில் வரிசை முக்கியம். முதலில் நீளப் பக்கத்தை 1800 பிக்சலுக்குச் சுருக்குங்கள். கிரெயினை (ஃபிலிமின் பொடிப் புள்ளிகளை) போட்டுவிட்டுச் சுருக்கினால் அது கரைந்து மாவாகிவிடும். லென்ஸ் கரெக்‌ஷன், ஷார்ப்பனிங் இரண்டையும் அணையுங்கள். டோன் கர்வில் (ஒளி அளவுகளை மாற்றும் கோட்டில்) கறுப்பை 0-இலிருந்து 20-க்கு ஏற்றி, வெள்ளையை 255-இலிருந்து 245-க்கு இறக்குங்கள். நிழல்களில் சிவப்பைச் சற்றுக் குறைத்தால் பச்சை கலந்த நீலம் எட்டிப்பார்க்கும். வெளிச்சப் பகுதியில் நீலத்தைக் குறைத்தால் இளமஞ்சள் ஏறும். லைட்ரூமில் டெக்ஸ்சர் -15, கிரெயின் 35, அதன் அளவு 30, விக்னெட் (ஓர இருட்டு) -15 என்று தொடங்கிப் படத்துக்கு ஏற்ப மாற்றலாம். முகம் பச்சையடித்தால் நிழலுக்கான திருத்தம் நடுத்தொனி வரை ஏறிவிட்டது என்று அர்த்தம். கர்வின் நடுவில் ஒரு புள்ளி வைத்துப் பழைய இடத்துக்கு இழுங்கள்.

மூன்று அலங்காரங்களைத் தவிர்க்கலாம். ஓரத்தில் ஆரஞ்சு லைட் லீக் (உள்ளே கசிந்த ஒளியின் கறை): டிஸ்போசபிளில் இது அபூர்வம். ஃபிலிம் முழுவதையும் முன்பே வெளியே சுற்றிவைத்து, எடுக்க எடுக்க ஒவ்வொரு படமாக டப்பாவுக்குள் திரும்பப் போகும்படிதான் செய்திருப்பார்கள். விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம்: அது கரும்பூச்சு நீக்கிய சினிமா ஃபிலிமின் அடையாளம். மூலையில் ஆரஞ்சுத் தேதி: பேட்டரி போட்ட காம்பாக்ட் கேமராக்களின் வழக்கம் அது, சாதாரண டிஸ்போசபிளில் தேதி விழாது.

திரையில் பார்த்துத் திருப்தி வரவில்லையென்றால், 4×6 கிளாஸி தாளில் ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். திரையில் முரடாகத் தெரிந்த கிரெயின் அந்த அளவில் அடங்கிவிடும்.