வாட்ஸ்அப்பில் வரும் இரத்த ரிப்போட்: நாம் விடும் பிழைகள்

திருகோணமலை டவுனில், உவர்மலையில் இருக்கும் என் சித்தி நீண்ட காலமாகச் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறார். ஒருநாள் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனி 126. எண்ணை மட்டும் லண்டனில் இருக்கும் மகனுக்கு அனுப்பினார். அவன் பதறிப்போய், இரவோடு இரவாக மருந்தைக் கூட்டச் சொன்னான். நல்ல காலம், சித்தி காலையில் கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் செய்வேன் என்று இருந்துவிட்டார்.

பிழை, அலகைச் சொல்லாமல் விட்டதுதான். இங்கே பெரும்பாலும் ஒரு டெசிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள்; லண்டனிலும் கனடாவிலும் ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமோல் என்பார்கள். 126ஐ 18ஆல் வகுத்தால் 7. ஏற்கனவே மருந்து எடுக்கும் ஒருவருக்கு அது பயப்படுகிற எண்ணே அல்ல. மருந்தைக் கூட்டியிருந்தால் சீனி இறங்கி மயங்கி விழுந்திருக்கலாம். மறுபக்கமும் இதே ஆபத்து உண்டு. அங்கிருந்து மாமா "12" என்று அனுப்பினால், குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் கணக்கில் அது 216. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் அப்படியே: இங்கே 6.5 வீதம் என்பது லண்டன் ரிப்போட்டில் 48. அதனால் எண்ணைத் தட்டி அனுப்பாதீர்கள். திகதி, அலகு, சாப்பிட முன்னா பின்னா என்பதெல்லாம் தெரிய முழுத் துண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போடாமல் கேட்டவருக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

அடுத்தது டெங்கு. 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். அந்த மார்ச் மாதம் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்போதும் இப்போதும் நாம் விடும் பெரிய பிழை ஒன்றுதான்: தேர்மோமீற்றரில் காய்ச்சல் இறங்கியதும் "குணமாகிவிட்டது" என்று செய்தி போட்டுவிட்டு ஓய்ந்துவிடுவது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, முரசில் இரத்தம், பிள்ளை சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது: இதில் ஒன்று தெரிந்தாலும் கூகுளில் தேடிக்கொண்டிருக்காமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் அணுக்களின் எண்ணை மட்டும் பார்ப்பதும் பிழை. ஹீமற்றோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நீர் கசிவதால் ஏறுகிறதா என்பதையும் வைத்தியர் பார்ப்பார். ஏற்றம் தெரிய முந்தைய நாள் ரிப்போட் வேண்டும். போன் உண்மையில் உதவுவது இங்கேதான்: ஒவ்வொரு நாள் ரிப்போட்டையும் திகதி வரிசையில் படமாக வைத்திருங்கள். அப்புறம், யாரோ போர்வேட் பண்ணியதை நம்பி இபுபுரூபன், அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், அதுவும் சொன்ன அளவில்.

யாரும் பிழை என்றே நினைக்காத ஒன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் முகவரி கேட்டால், டவுனில் இருக்கும் உறவினர் வீட்டைச் சொல்லிவிடுகிறோம். டெங்கு என்று சந்தேகம் வந்தாலே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். அந்த முகவரியைப் பிடித்துத்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருகிறார். முகவரி தவறினால் அவர் உவர்மலையில் தேடுவார், நுளம்பு கிண்ணியாவில் பெருகும். கொழும்பில் கணினியில் சேரும் கணக்கும் தவறான இடத்தையே காட்டும்.

சரி, என்ன சொல்ல வேண்டும்? பிள்ளை உண்மையில் இருக்கும் வீட்டு முகவரியைச் சொல்லுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. நோய் தெரிய 4 முதல் 10 நாள் வரை ஆகும். அந்த நாட்களில் பகலில் எங்கே இருந்தான், எந்தப் பள்ளிக்கூடம், எந்த டியூட்டரி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அட்மிஷன் துண்டில் பழைய முகவரி விழுந்திருந்தால், வார்டில் இருக்கும்போதே திருத்தக் கேளுங்கள்.