சளியில் ஒன்றும் இல்லையென்றால் டிபி இல்லை என்று நினைக்காதீர்கள்

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நேரம், என் அத்தைக்குக் கழுத்தின் இடது பக்கம் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி வந்தது. அழுத்தினால் வலியில்லை. "நெறி கட்டியிருக்கு, தானா வத்திடும்" என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். இரண்டு மாதத்தில் பக்கத்திலேயே இன்னும் இரண்டு வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பழைய ஆட்கள் இதைக் கண்டமாலை என்பார்கள். கண்டம் என்றால் கழுத்து, அதில் மாலை கோத்த மாதிரி வருவதால் அந்தப் பெயர். பெயர் நம்மிடமே இருந்தும், டிபி என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அத்தைக்கு இருமலே இல்லை.

முதல் தவறு இதுதான். கிருமி பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் உள்ளே போகிறது, ஆனால் அங்கிருந்து ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து கழுத்து நெறி, நுரையீரல் உறை, குடல், முதுகெலும்பு, சிறுநீரகம், கருப்பை, மூளை உறை என்று எங்கு வேண்டுமானாலும் போய்த் தங்கும். சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேவும் சரியாக இருந்தால் நுரையீரலைப் பற்றித்தான் ஏதோ தெரிந்தது என்று அர்த்தம், மற்ற இடங்களைப் பற்றி அவை எதுவும் சொல்லாது.

அடுத்தது எங்களை ரொம்பவே அலைக்கழித்த தவறு. ஒரு மருத்துவமனையில் கட்டியிலிருந்து சின்னத் துண்டு வெட்டி எடுத்து, ஒரு பாட்டிலில் போட்டு "லேபில் கொடுத்துட்டு வாங்க" என்று என் கையில் தந்தார்கள். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது, மூடியைத் தொட்டாலே கண் எரிந்தது. ஃபார்மலின். திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்க அது வேண்டும், ஆனால் அது கிருமியைக் கொன்றுவிடும், அதில் ஊறிய துண்டில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வளராது, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் பரிசோதனைக்கும் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "டிபியாக இருக்கலாம்" என்று ரிப்போர்ட் வந்தது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று மட்டும் தெரியவில்லை. அத்தை இன்னொரு முறை கழுத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. அதனால் வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: "டாக்டர், பாதியை சலைனில் போட்டு டிபி பரிசோதனைக்கும் அனுப்புவீர்களா?" கேட்கக் கூச்சப்படாதீர்கள். அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இலவசம், டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, அதில் நெகட்டிவ் வந்தால்? உடனே நிம்மதியடைய வேண்டாம். நுரையீரலைச் சுற்றிச் சேரும் நீரிலும் முதுகுத்தண்டு நீரிலும் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும், பல நேரம் சிக்காது. அங்கெல்லாம் ஸ்கேன், நீரில் உள்ள செல்கள், நோயாளியின் நிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டிபி என்று சொல்லும் பரிசோதனையை இந்தியா 2012-லேயே தடை செய்துவிட்டது, யாராவது எழுதிக் கொடுத்தால் செய்துகொள்ளாதீர்கள். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டு பரிசோதனை கிருமி உடம்பில் நுழைந்திருக்கிறதா என்பதைத்தான் காட்டும், இப்போது நோய் இருக்கிறதா என்பதைக் காட்டாது.

காரணம் தெரியாத கட்டிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் ஆபத்து. அது டிபி கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும், பரிசோதனை நெகட்டிவாக வரலாம், நோய் உள்ளே வளரும்.

முதுகுவலி விஷயத்தில் நம் பக்கம் கூடுதல் கவனம் தேவை. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும், ஆனால் அந்த வலி படுத்தால் குறையும். வாரக்கணக்கில் ராத்திரியிலும் விடாத வலி, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பது எல்லாம் சேர்ந்தால் அதை வேலை வலி என்று விடாதீர்கள், முதுகெலும்பு டிபியாக இருக்கலாம். எலும்பு நன்றாக அரித்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும், அதற்கு முன்பே எம்ஆர்ஐ காட்டிவிடும். கால் மரத்தாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே ஓடுங்கள். குழந்தைக்கு நாள்பட்ட காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, மந்தமாகத் தூங்கிக்கொண்டே இருப்பது என்றாலும் அப்படித்தான், அது மூளை உறையில் வந்த டிபியாக இருக்கலாம்.

இன்னொன்று. குழந்தை வேண்டித் திருக்கருகாவூர் அம்மன் கோயிலுக்குப் போய் நெய் வாங்கி வருகிற பெண்களில் சிலருக்குக் கருப்பைக் குழாயில் வெளியே எந்த அறிகுறியும் காட்டாத டிபி இருக்கலாம். வேண்டுதலோடு டிபி பரிசோதனையைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அத்தைக்கு இரண்டாவது மாதம் மாத்திரை சாப்பிடும்போதே கட்டி பெரிதானது. மருந்து கேட்கவில்லை என்று நிறுத்தப் பார்த்தார். கிருமி சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினையாகவும் அப்படி ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் விளக்கினார். ஆறு மாதம் முடித்தார் (முதுகெலும்பு, மூளை உறை என்றால் ஒரு வருடம் வரை போகும்). இன்றும் அத்தை கழுத்தைத் தடவினால் ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படும். மருந்து முடிந்த பிறகும் அப்படி ஒன்று தங்கலாமாம், வளர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.