மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார்: பேனல் வாங்கும் முன் நிழலைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் இ.பி. இணைப்புள்ள தனி வீட்டுக்கு, பேட்டரி இல்லாமல் இ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார் போடுவதற்கான வழிமுறை இது.

முதலில் கடைசி ஆறு பில்களை எடுத்து வையுங்கள். 3 கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 12 யூனிட் தரும்; இரண்டு மாதத்துக்குச் சுமார் 720. வீட்டில் ஓடுவதே 200 யூனிட்தான், அதில் 100 இலவசம் என்றால் 3 கிலோவாட் வீண் செலவு. 1 கிலோவாட்கூட அவசரமில்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். அந்த எல்லையைத் தாண்டும் வீடுகளுக்குத்தான் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும்.

அடுத்தது இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது. காலமான தாத்தா பெயரிலேயே இன்னும் ஓடுகிறதென்றால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். மானியம் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கு வருவதால் இ.பி. பெயரும் வங்கிப் பெயரும் ஒத்துப்போக வேண்டும். மத்திய அரசின் பி.எம். சூர்யகர் மானியத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். இந்தியாவில் செய்த செல் (பேனலுக்குள் தெரியும் சின்னக் கட்டங்கள்) உள்ள பேனலுக்கு மட்டுமே இது கிடைக்கும். அந்த வகைக்குப் பெயர் 'டிசிஆர்'; விலைப்பட்டியலில் அப்படியே எழுதி வாங்குங்கள்.

இனி நிழல். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று எல்லோரும் சொல்வார்கள். அது நிழல் விழாத 100 சதுர அடி. மே மாதம் மாடியைப் பார்க்க வருபவருக்குத் தண்ணீர்த் தொட்டியின் வடக்குப் பக்கம் பளிச்சென்று தெரியும். சென்னையில் அப்போது உச்சி வெயிலே வடக்கிலிருந்துதான் அடிக்கிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது காலை ஒன்பது மணிக்கு நிழலின் நீளம் பொருளின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. பேனல் மட்டத்துக்கு மேல் ஆறடி உயரும் தொட்டி, வடமேற்கில் ஒன்பது அடிக்கு நிழல் போடும். மாலை மூன்று மணிக்கு அதே நிழல் வடகிழக்கில். கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டு மாடி, தென்னை எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுச் சுண்ணாம்பால் தரையில் கோடு இழுங்கள். கோட்டுக்குள் பேனல் வேண்டாம். தொட்டிக்குத் தெற்கே இடம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? 540 வாட் பேனல் ஆறு, ஒரே வரிசையில் தொடராக இணைகின்றன. ஒவ்வொரு பேனலும் உள்ளே மூன்று பகுதி. ஒரு பகுதியில் நாலு செல்லில் நிழல் பட்டாலும் பைபாஸ் டயோடு என்ற மாற்றுவழி அந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்கிவிடும். நிழலைத் தவிர்க்கவே முடியாத மாடி என்றால் ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக ஓட்டும் மைக்ரோ இன்வெர்ட்டர் வாங்குங்கள், விலை கூடினாலும்.

பேனலைத் தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்த்தால் போதும். தாங்கிச் சட்டம் ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது) செய்ததாக இருக்கட்டும். வெள்ளிப் பெயின்ட் அடித்த இரும்பைக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சும்மா விடாது. தட்டோடு பதித்த தளத்தில் துளை போட்டால் மழைக்கு ஒழுகும். காங்கிரீட் பீடம் கட்டி அதில் போல்ட்டைப் பதியுங்கள். எர்த் குழி மூன்று: இடிதாங்கிக்கு ஒன்று, பேனலுக்கும் சட்டத்துக்கும் ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் ஏசி (மாறுதிசை மின்சாரம்) பக்கத்துக்கு ஒன்று. இடிதாங்கியின் எர்த்தை மற்றதோடு சேர்த்துச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆறு பேனல் தொடரில் கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி (நேர்திசை மின்சாரம்) ஓடும். வெயிலில் எம்சி4 இணைப்பை (பேனல் ஒயர்களைச் சேர்க்கும் பிளக்) பிடுங்கினால் தீப்பொறி அணையாமல் நின்று எரியும். முதலில் டிசி ஐசொலேட்டரை (பேனல் பக்க மெயின் சுவிட்ச்) அணையுங்கள். ஆண், பெண் இணைப்பு இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும்; கலந்து மாட்டினால் உள்ளே தொடர்பு சரியில்லாமல் சூடாகி உருகும்.

எல்லாம் மாட்டிய பிறகு, இ.பி.யிலிருந்து வந்து இருவழி மீட்டர் வைக்கும் வரை இன்வெர்ட்டரை (பேனலின் டிசியை வீட்டு ஏசியாக மாற்றும் பெட்டி) ஓட்டாதீர்கள். "சும்மா ஒரு வாரம் ஓடட்டும் சார்" என்பதைக் கேட்டு ஏமாறுபவர்கள் உண்டு. பழைய மின்னணு மீட்டர்கள் பலவும் நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணும். சோலார் போட்ட மாதம் பில் ஏறுவது இதனால்தான்.

பின்சேர்க்கை: "இன்வெர்ட்டர் 12 என்கிறது, மீட்டர் 7 தான் காட்டுகிறது, ஐந்து யூனிட் எங்கே?" என்று பலர் கேட்கிறார்கள். பகலில் உங்கள் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் தின்ற ஐந்து அது. மீட்டருக்கு வெளியே போனது மட்டுமே ஏற்றுமதி. மீட்டர் திரையில் 1.8.0 உள்ளே வந்தது, 2.8.0 வெளியே போனது.

இன்னொன்று: கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். இது பழுதல்ல. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் மாடி மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு. மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் கேளுங்கள்.

கழுவுவதற்கு அதிகாலையில் குழாய்த் தண்ணீரும் மென்மையான துடைப்பமும் போதும். உப்பு போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் கட்டும். அதைச் சுரண்டக் கூடாது. பேனல் மேல் கால் வைக்கவும் கூடாது. செல்லில் விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.